ஸ்டூலில் பதினோரு நாள்

காலை ஒன்பது மணிக்கு அவள் செய்த முதல் வேலை, முந்தின நாள் வந்த அறிக்கையை எட்டாக மடித்து ஸ்டூலின் குட்டைக்காலுக்கு அடியில் செருகியது. ஸ்டூல் ஆடுவது நின்றது. உட்கார்ந்ததும் மறுபடி ஆடியது. இன்னொரு தாள் வேண்டும். தாளுக்கா பஞ்சம்? பதினோரு நாளில் இருபத்தாறு அறிக்கைகள் வந்திருந்தன. இருபத்தாறிலும் முதல் வரியில் ஒரே பெயர்தான். அவள் எழுதிய நிரலின் பெயர்.

ஸ்டூல் அந்த அறையின் சட்டம். எட்டுப் பேர் வேலை செய்யும் அறை. மருத்துவமனைகளில் ரத்தம் சோதிக்கும் இயந்திரங்களுக்கு அவர்கள் இயங்குதளம் எழுதுகிறார்கள். இயங்குதளம் எங்காவது செயலிழந்து விழுந்தால் அந்த இயந்திரமே ஓர் அறிக்கை அனுப்பும். முதல் வரியில் யாருடைய நிரலின் பெயர் இருக்கிறதோ, அவருடைய நாற்காலியை எடுத்துவிட்டு ஸ்டூலைப் போட்டுவிடுவார்கள். சாய இடமில்லாதவர் சீக்கிரம் சரிசெய்வார் என்பது எண்ணம். அதுவரை அதிக நாள் உட்கார்ந்த பெருமை, அறையிலேயே உயரமான நெட்டையனுக்கு இருந்தது. நான்கு நாள். அவளுடைய ஐந்தாம் நாள் காலையில் அவன் எழுந்து வந்து அவளுக்குக் கை கொடுத்தான்.

"வாழ்த்துகள் புதுசு. நான் வளைஞ்சு போயிட்டேன், நீங்க இன்னும் நேரா இருக்கீங்க."

புதுசு என்பது அவள் பெயராகிவிட்டது. ஏழு ஆண்டு வீட்டிலிருந்துவிட்டு வேலைக்குத் திரும்பியவள். மூன்று மாதம் பார்க்கிறோம் என்று சொல்லிச் சேர்த்திருந்தார்கள். மூன்று மாதம் நாளையோடு முடிகிறது. சேர்த்துவிட்டது அவளுடைய அண்ணி. அண்ணன் மனைவி. அதே அறையில், சன்னலோரத்தில், பத்தாண்டாக இருப்பவள். ஒரே வீட்டில் மாடியும் கீழுமாக இருந்தார்கள். ஒரே பேருந்தில் வந்தார்கள். அண்ணன் கட்டிக்கொடுத்த ஒரே மாதிரிச் சாப்பாட்டு டப்பாக்களைத் திறந்து ஒரே மாதிரிக் குறை சொன்னார்கள். மாலையில் கதவைத் திறந்துவிடும் அண்ணன் இருவரையும் பார்த்து, "இன்னைக்கு யாரு ஸ்டூல்ல?" என்று கேட்பான். பதினோரு நாளாக அவன் கேட்கவில்லை. அது கேட்பதைவிட மோசமாக இருந்தது.

அவள் எழுதியது சின்ன வேலைதான். சோதனை முடிவு ஒவ்வொன்றும் ஒரு சேமிப்பு வட்டில் பதிவாகிக்கொண்டிருந்தது. அதை இரண்டு வட்டுகளில் பதியச் செய்தாள். ஒன்று கெட்டால் இன்னொன்று இருக்கும். எல்லாரும் நல்லது என்றார்கள். மருத்துவமனைக்குப் போன வாரத்திலேயே இயந்திரம் விழத் தொடங்கியது. முதலில் வாரத்துக்கு இரண்டு முறை. அவள் தேடத் தொடங்கிய பிறகு ஒரு நாளைக்கே இரண்டு, மூன்று முறை. விழுந்தால் தட்டிலிருக்கும் குழாய்களில் ரத்தம் வீண். எடுத்தவர்களிடமே மறுபடி எடுக்க வேண்டும்.

ஒன்பதரைக்குப் பச்சைக்கொடி வந்து அவள் மேசையருகே நின்றார். அறையின் தலைவர். அவர் அனுமதியில்லாமல் எதுவும் வெளியே போகாது, அவர் அனுமதியும் லேசில் கிடைக்காது. அதனால் வந்த பெயர்.

"நாலு மணிக்குப் புதுப் பதிப்பு அனுப்பணும்மா."

"தெரியும் சார்."

"அதுக்குள்ள கிடைக்கலேன்னா உங்க பகுதியை எடுத்துட்டுத்தான் அனுப்புவேன். பழையபடி ஒரே வட்டு. நாளைக்கு மேல உக்காந்து பேசலாம்."

நாளைக்குப் பேச என்ன இருக்கும் என்று இருவருக்கும் தெரியும். மூன்று மாதத்தில் அவள் செய்தது அந்த ஒன்றுதான். அதை எடுத்துவிட்டால் அவள் வந்து போனதற்கு அடையாளம் அந்த ஸ்டூலின் அடியில் இருக்கும் காகிதம் மட்டும்.

பத்து மணிக்குத் தொலைபேசி அடித்தது. மருத்துவமனை ஆய்வகத்து அக்கா. நேரில் பார்த்ததில்லை. குரலை வைத்து ஐம்பது வயது, கண்ணாடி, கையில் எப்போதும் பேனா என்று அவள் முடிவுசெய்திருந்தாள்.

"ஏம்மா, உன் மிஷின் மறுபடியும் மயக்கம் போட்டுடுச்சு."

இருபத்தேழு. "எத்தனாவது குழாய்லக்கா?"

"முப்பதுல. வேற எங்க? நாற்பது குழாய் அடுக்கினா முப்பதை ஒட்டித்தான் அதுக்குத் தலை சுத்தும். ஒரு பெரியவர் என்னைக் கேக்கிறாரு, 'நேத்து எடுத்ததை என்னம்மா பண்ணினே, குடிச்சிட்டியா?'ன்னு. நான் என்ன பதில் சொல்றது?"

"அப்ப நீங்க என்ன பண்ணிட்டிருந்தீங்க?"

"வழக்கமா பண்றதுதான். அது பாட்டுக்கு ஓடுது, முடிஞ்ச வரைக்கும் நான் அச்சு எடுத்துட்டிருந்தேன். கேளு, உங்க ஆளு ஒருத்தர் உயரமா வந்தாரே, மடிக்கணினியைப் பக்கத்துல வெச்சுட்டு ரெண்டு நாள் உக்காந்திருந்தாரு. அந்த ரெண்டு நாளும் தங்கமா ஓடிச்சு. விருந்தாளி வந்தா சில பிள்ளைங்க இருக்குமே, அந்த மாதிரி. அவர் படி இறங்கினாரு, இது ஆரம்பிச்சுது. பேசாம அவரை இங்கேயே அனுப்பிடு. ஒரு மூலையில உக்காந்துட்டுப் போறாரு."

அவள் சிரித்துவிட்டு வைத்தாள். வைத்த கை தொலைபேசியிலேயே நின்றது.

நெட்டையன் போனபோது பூதக்கண்ணாடியோடு போனான். அது அவர்கள் வைத்த பெயர். இயங்குதளத்தின் நடுப்பகுதியான கெர்னலில், யார் யாருடைய நினைவகத்தைத் தொடுகிறார்கள் என்று ஒவ்வோர் அசைவையும் வேவு பார்க்கும் கருவி. அதைச் சேர்த்துக் கட்டிய பதிப்பில் இயந்திரம் விழவே இல்லை. இங்கே சோதனை மேசையிலும் அப்படித்தான். கருவி இருந்தால் நாள் முழுக்க ஓடும். எடுத்தால் நாற்பது நிமிடத்தில் விழும். கருவி வேகத்தைக் குறைக்கிறது, அதனால் நேரப் பொருத்தம் மாறிப் பிழை ஒளிந்துகொள்கிறது என்று எல்லாரும் சொன்னார்கள். அவளும் நம்பினாள். பதினோரு நாளாக நேரத்தைத்தான் துரத்திக்கொண்டிருந்தாள்.

விருந்தாளி வந்ததால் பிள்ளை ஒழுங்காக இருந்தது. சரி. விருந்தாளி வெறுங்கையோடா வந்தார்?

நிரலை மூடினாள். கருவி உள்ளது, இல்லாதது என்ற இரண்டு பதிப்புகளையும் கட்டும்போது உருவாகும் அமைப்புக் கோப்புகளை எடுத்தாள். யாரும் திறந்து பார்க்காத கோப்புகள். ஒவ்வொன்றும் இரண்டாயிரம் வரிக்கு மேல். இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்து, வேறுபடும் வரிகளை மட்டும் காட்டச் சொன்னாள். பதினேழு வரி வந்தது. பதினாறு, கருவியைச் சேர்த்தால் வரவேண்டியவை. பதினேழாவதை அவள் எதிர்பார்க்கவில்லை. யாரும் எழுதாதது. கருவி தனக்கு இடம் போதாது என்று தானே மாற்றிக்கொண்டது.

ஸ்டாக் அளவு. கருவி இல்லாத பதிப்பில் எட்டு கிலோபைட். கருவி உள்ள பதிப்பில் பதினாறு.

அவள் எழுந்து நின்றுவிட்டாள். ஸ்டூல் பின்னால் சாய்ந்து சுவரில் இடித்தது.

"என்னாச்சு, இடுப்பா?" என்றான் நெட்டையன்.

அவள் கண் திரையிலேயே இருந்தது. கெர்னல் ஒரு வேலையைச் செய்யும்போது பாதியில் இன்னொன்றைக் கூப்பிடும். கூப்பிடும் முன் தன் குறிப்புகளை ஒரு தாளில் எழுதி அடுக்கில் வைத்துவிட்டுப் போகும். கூப்பிட்டது மூன்றாவதைக் கூப்பிடும். அதன் தாள் இதன் மேல். வேலை முடிய முடிய மேலிருந்து எடுத்துக்கொண்டே வரும். அந்த அடுக்குதான் ஸ்டாக். மற்ற மென்பொருள்களுக்கு அது தேவைக்கு வளரும். கெர்னலில் வளராது. இந்த இயந்திரத்தில் எட்டாயிரத்து நூற்றுத் தொண்ணூற்றிரண்டு பைட். அவ்வளவுதான். அதற்கு மேல் ஒரு தாள் வைத்தால் யாரும் தடுக்கமாட்டார்கள். பக்கத்தில் யாருடைய சாமான் இருக்கிறதோ அதன் மேல் சரியும். கொஞ்ச நேரம் கழித்து அந்தச் சாமானுக்கு உடையவர் வந்து தொடுவார். தொட்டதும் விழுவார். அறிக்கையில் அவர் பெயர் வரும்.

பக்கத்து இடம் அவளுடைய நிரலுடையது. இருபத்தேழு முறையும் யாரோ கொட்டியதில் அவள் வழுக்கி விழுந்திருக்கிறாள்.

ஆனால் இது இன்னும் ஊகம்தான். பச்சைக்கொடியிடம் ஊகம் செல்லாது. அவள் சோதனை மேசைக்குப் போனாள். கருவியை எடுத்துவிட்டு, ஸ்டாக்கை மட்டும் பதினாறாக வைத்து ஒரு பதிப்புக் கட்டினாள். ஸ்டாக் முழுவதையும் முதலிலேயே ஒரே எண்ணால் நிரப்பிவைத்தாள், தொட்டிச் சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பதுபோல. தண்ணீர் எதுவரை ஏறி இறங்கியது என்று பிறகு கறையைப் பார்த்தால் தெரியும். ஆய்வகத்து அக்கா செய்வதை அப்படியே செய்தாள். நாற்பது குழாய், நடுவில் அச்சு. அச்சுக்கு வரைபடங்கள் தயாராகும்போது நினைவகம் தீர்ந்துகொண்டே வந்தது. முப்பதாவது குழாயில் கெர்னல் இடமில்லாமல் திணறியது. பதிந்துகொண்டிருந்த வேலையைப் பாதியில் நிறுத்தி, இடம் காலிசெய்ய வேறு சிலதை வட்டில் எழுதப் போனது. எழுதப் போனால் மறுபடி முதலிலிருந்து அதே படிகள். அதே அடுக்கின் மேலேயே.

இயந்திரம் விழவில்லை. கறையைப் பார்த்தாள்.

எட்டாயிரத்து எண்ணூற்று எழுபத்தாறு.

"ஐயோ," என்றாள், சத்தமாக. ஆறு தலைகள் திரும்பின. அறுநூற்று எண்பத்து நான்கு பைட் வழிகிறது. பதினோரு நாளாக அவளை நாற்காலியிலிருந்து இறக்கி வைத்திருந்தது இதுதான். ஒரு சின்னக் கடிதத்துக்குக்கூடப் போதாத இடம்.

யார் எவ்வளவு எடுத்தார்கள் என்று மேலிருந்து பார்த்துக்கொண்டு வந்தாள். ஐம்பது, எண்பது, நூற்றுப்பத்து. எல்லாரும் அளவாகத்தான் சாப்பிட்டிருந்தார்கள். பிறகு ஒரு இருநூற்று ஐம்பத்தாறு. அந்தப் பெயரைப் பார்த்ததும் அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. அவளுடையது. ஸ்டூலுக்கு வந்த இரண்டாம் நாள், பிழை எங்கே என்று செய்தி எழுதிக் காட்டுவதற்காக அவளே சேர்த்த வரி. அதே படிகள் இரண்டு முறை நடப்பதால், இரண்டு சுற்றுக்கும் சேர்த்து ஐந்நூற்றுப் பன்னிரண்டு. முன்பு நூற்றெழுபத்திரண்டு பைட் வழிந்துகொண்டிருந்ததை, தேடுகிறேன் என்று போய் நான்கு மடங்காக்கியிருக்கிறாள். வாரத்துக்கு இரண்டு முறை விழுந்தது நாளுக்கு இரண்டானது அதனால்தான்.

அதற்குக் கீழே ஆயிரத்து இருபத்துநான்கு. இரண்டு சுற்றுக்கு இரண்டாயிரத்து நாற்பத்தெட்டு. வட்டில் போகும் முடிவுகளை ரகசிய எழுத்தாக மாற்றும் பகுதி. மாற்றும்போது வைத்துக்கொள்ள ஒரு கிலோபைட் இடத்தை ஸ்டாக்கிலேயே எடுத்திருந்தது. இருக்கும் எட்டில் ஒன்று. வரியின் பக்கத்தில் எழுதியவரின் குறிப்பு: 'இப்போதைக்கு இங்கே. பிறகு மாற்ற வேண்டும்.' தேதி எட்டு ஆண்டுக்கு முந்தையது. எழுதியவர் பெயரைப் பார்க்கத் தேவையில்லை. ரகசிய எழுத்து அந்த அறையில் ஒருவருடைய வேலைதான்.

அண்ணி சன்னலோரத்தில் காதில் எதையோ மாட்டிக்கொண்டு தட்டச்சிக்கொண்டிருந்தாள். கூட்டத்தில் போன வாரம் அவள் சொன்னது நினைவுக்கு வந்தது. "என்னோட பகுதி எட்டு வருஷமா ஒரு தடவைகூட விழுந்ததில்லை." பெருமைக்குச் சொன்னதில்லை. கேட்டார்கள், சொன்னாள். உண்மையும்தான். எட்டு ஆண்டு அந்த ஒரு கிலோபைட்டுக்கு இடம் இருந்தது. புதுசு வந்து படிகளின் நடுவில் இன்னொரு படியை வைத்த பிறகுதான் இல்லாமல் போனது. அண்ணி இதுவரை ஸ்டூலில் உட்கார்ந்ததே இல்லை. அறையில் அப்படி இருப்பவள் அவள் ஒருத்திதான்.

மணி ஒன்றரை. அண்ணியைத் தொடாமலும் முடித்துவிடலாம் என்று அவளுக்குத் தோன்றியது. தன் செய்தி வரியை எடுத்துவிட்டு, தன் பகுதி நடக்கும் வேலையைத் தனி அடுக்குக்கு மாற்றிவிட்டால் போதும். வழியாது. யாரும் கேட்கமாட்டார்கள். பிழை புதுசுவுடையது, புதுசுவே சரிசெய்தாள். நாற்காலி திரும்பி வரும். அந்த ஒரு கிலோபைட் அங்கேயே இருக்கும், அடுத்து வருகிறவர் வைக்கப்போகும் படிக்காகக் காத்துக்கொண்டு.

அவள் ஒரு நிமிடம்கூட முழுதாக யோசித்திருக்கமாட்டாள். யோசிக்கக் கால் தரித்து நிற்கவில்லை. பதினோரு நாள் தேடியது கையில் இருக்கிறது. இதைக் கேட்டால் குதிக்கக்கூடியவர் அறையில் ஒருத்திதான். அவளிடமே சொல்லக் கூடாதென்றால் எப்படி?

போய் அண்ணியின் காதிலிருந்ததைப் பிடுங்கினாள்.

"அண்ணி. ஸ்டாக்."

"என்னது?"

"ஸ்டாக் வழியுது. நேரம் கீரம் எல்லாம் ஒண்ணுமில்ல. பூதக்கண்ணாடி ஸ்டாக்கை ரெண்டு மடங்காக்குது, அதனாலதான் அது இருந்தா விழல. அளந்துட்டேன். எட்டாயிரத்து எண்ணூத்தி எழுபத்தாறு."

அண்ணியின் வாய் மெல்லத் திறந்தது. "அடிப்பாவி," என்றாள். பிறகு நாற்காலியோடு உருண்டு சோதனை மேசைக்கு வந்தாள். "காட்டு, காட்டு. எங்க? நினைவகம் தீர்ந்து திரும்ப உள்ள வருதா? அதே அடுக்குலயா? அட! அச்சு எடுக்கிறப்ப! அதான் முப்பதாவது குழாய்!" மேசையில் கையால் ஓங்கித் தட்டினாள். "யாருடி இவ்வளவு சாப்பிடுறது?"

அவள் திரையைச் சற்றுத் திருப்பினாள். "ஐந்நூத்திப் பன்னிரண்டு நான். பிழையைத் தேடறேன்னு போட்டது."

"சரியாப் போச்சு. திருடனைப் பிடிக்கப் போய் அவனுக்கே ஏணி பிடிச்சிருக்கே. மீதி?"

அவள் விரலை மட்டும் அந்த வரியில் வைத்தாள்.

அண்ணி படித்தாள். குறிப்பையும் படித்தாள். தேதியையும். பின்னால் நெட்டையனும் இன்னும் இரண்டு பேரும் வந்து நின்றிருந்தார்கள்.

"இது நான் இங்க சேர்ந்த ரெண்டாவது வருஷம்," என்றாள் அண்ணி. "அன்னைக்கும் நாலு மணிக்கு அனுப்பணும்னு நின்னாங்க." பிறகு இன்னொரு முறை படித்தாள். "ஒரு கிலோபைட். எட்டுல ஒண்ணை எடுத்து வாயில போட்டுட்டுப் பிறகு பாத்துக்கறேன்னு எழுதி வெச்சிருக்கேன் பாரு. என்ன தைரியம்!"

"அண்ணி, நான் வேணும்னா என்னோடதை மட்டும் மாத்தி..."

"சும்மா இரு." அண்ணி எழுந்தாள். அறையைக் குறுக்கே கடந்து போனாள். புதுசுவின் மேசையருகே சுவரில் சாய்ந்திருந்த ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு வந்தாள். அடியில் செருகியிருந்த தாள்கள் வழியெல்லாம் உதிர்ந்தன. சோதனை மேசைக்கு முன்னால் ஸ்டூலைப் போட்டு அதில் உட்கார்ந்தாள். தன் நாற்காலியைக் காலால் அவள் பக்கம் தள்ளினாள். "உக்காரு. மணி ஆகுது. உங்க அண்ணன் இன்னைக்குக் கேக்கட்டும், நானே சொல்றேன்."

நெட்டையன் மெதுவாகச் சொன்னான். "முதல் வரியில உங்க பேர் வரலையே. சட்டப்படி..."

"முதல் வரியைப் பாத்துத்தான்யா பதினோரு நாள் வீணாப் போச்சு. போய் வேலையைப் பாரு. இல்ல, இங்க வா. ஸ்டாக் ஓரத்துல காவல் பக்கம் போடலாமான்னு பாரு. இனிமே வழிஞ்சா வழியற இடத்துலயே விழணும். பக்கத்து வீட்டுக்காரன் தலையில விழக் கூடாது."

அதற்குப் பிறகு யார் என்ன செய்தார்கள் என்று பிரித்துச் சொல்ல முடியாது. அண்ணி அந்த ஒரு கிலோபைட்டை ஸ்டாக்கிலிருந்து எடுத்தாள். இயந்திரம் தொடங்கும்போதே அதற்குத் தனி இடம் வாங்கி வைத்துவிடச் செய்தாள், நினைவகம் தீர்ந்த பிறகு கேட்டால் யார் கொடுப்பார்கள். புதுசு தன் செய்தி வரியை நீக்கினாள். இருவரும் ஒரே விசைப்பலகையில் கை வைத்துச் சண்டை போட்டார்கள். ஒருமுறை அண்ணி உற்சாகத்தில் முன்னால் சாய, ஸ்டூல் குட்டைக்காலில் கவிழ, நெட்டையன் பிடித்துக்கொண்டான். "நாலு நாள் அனுபவம் எனக்கு. இடது பக்கம் பாரம் போடுங்க," என்றான்.

கறை ஆறாயிரத்து முந்நூற்றுப் பதினாறில் நின்றது.

பச்சைக்கொடி வந்து எண்ணைப் பார்த்தார். கோப்பைப் பார்த்தார். ஸ்டூலில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பார்த்தார்.

"இங்க ஓடறது எனக்கு வேண்டாம். அங்க ஓடணும். பூதக்கண்ணாடி இல்லாம, எட்டு கிலோபைட்ல, மூணு தட்டு, அச்சோட. இப்ப மூணேகால்."

ஆய்வகத்து அக்காவைக் கூப்பிட்டார்கள். பயிற்சிக்காக வைத்திருக்கும் நாற்பது குழாய்கள் இருக்கின்றன, ரத்தமில்லை, வெறும் கரைசல்தான் என்றாள். புதுப் பதிப்பு இங்கிருந்து போய் அங்கே ஏறியது. அண்ணி தொலைபேசியை மேசை நடுவில் வைத்து ஒலிபெருக்கியைப் போட்டாள். தட்டு சுழலும் சத்தம் கேட்டது. ஒவ்வொரு குழாயிலும் ஊசி இறங்கும்போது ஒரு சின்ன டிக்.

முதல் தட்டு நாற்பதும் போனது. அக்கா பேனாவால் எதையோ தட்டினாள். பேனா இருக்கும் என்று அவள் நினைத்தது சரிதான். இரண்டாவது தட்டும் போனது. நெட்டையன் விசிலடித்தான். பச்சைக்கொடி அவனை முறைத்துவிட்டுக் கைகளைக் கட்டிக்கொண்டார். மணி மூன்று ஐம்பத்திரண்டு.

"மூணாவது ஏத்திட்டேன்," என்றது அக்காவின் குரல். "இந்தத் தடவை எல்லா அச்சையும் ஒண்ணாக் குடுக்கப்போறேன். நாளைக்கு நான் திங்கவேண்டிய திட்டை இன்னைக்கே தின்னுடறேன்."

"அவ்வளவும் வேண்டாம்மா," என்றார் பச்சைக்கொடி, முதல்முறையாகப் பதறி.

"குடுங்கக்கா," என்றார்கள் நாத்தனாரும் அண்ணியும் ஒரே நேரத்தில்.

அச்சு இயந்திரம் இரைந்தது. அதன் நடுவே டிக், டிக். அக்கா எண்ணிக்கொண்டு வந்தாள். இருபத்தாறு. இருபத்தேழு. அவள் நாற்காலியின் நுனிக்கு வந்திருந்தாள், முதுகுக்குப் பின்னால் சாய்வு இருப்பதே நினைவில்லாமல். இருபத்தெட்டு. அண்ணி அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். இருபத்தொன்பது.

"முப்பது," என்றாள் அக்கா. அச்சு இயந்திரத்தின் சத்தம் ஒரு கணம் தடுமாறிக் குறைந்தது. தட்டு சுழல்வது கேட்கவில்லை. அண்ணி மெல்ல முன்னால் சாய்ந்தாள். ஸ்டூலின் குட்டைக்கால் தரையைத் தேடி இறங்கிக்கொண்டிருந்தது. அது தரையைத் தொடுமுன் தொலைபேசியில் தட்டு மறுபடி சுழன்றது.

டிக்.